பெரியவர் கேப்டனிடம் பேசுவதில்லை

ஜூன் 3, செவ்வாய்

முதலில் அவமானத்தை எழுதிவிடுகிறேன். எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாரோ கேட்டிருந்த கேள்விக்குக் கீழே, இன்று காலை நான் போட்ட செய்தி இது:

"மூன்றாம் தளத்தில் காற்று கசிகிறது. அங்கே இருப்பவர்கள் மாலைக்குள் இறந்துபோகலாம். யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்."

மூன்றாம் மாடி பேங்க் மேனேஜரின் மனைவி கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு, நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு, பூனையோடு கீழே இறங்கி வந்துவிட்டார். அசோசியேஷன் செயலாளர் வழக்கம்போலப் படிக்காமலேயே கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்.

போடவேண்டிய இடம் வேறு. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்கும் கம்பெனியில் திருச்சி மண்டல மேலாளர். இந்த லட்சணத்தில், ஈ காக்கை எட்டிப்பார்க்காத ஒரு பழைய தமிழ் இணைய மன்றத்தில் விண்வெளி விளையாட்டு ஒன்றை நடத்திவருகிறேன். விளையாட்டு என்றால் படம் ஓடாது, துப்பாக்கி வெடிக்காது, எல்லாம் எழுத்துதான். "கப்பலில் இப்படி ஆகிவிட்டது, என்ன செய்கிறீர்கள்?" என்று நான் பதிவு போடுவேன். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டவர்கள், அவரவருக்கு ஒழிந்த நேரத்தில் பதில் எழுதுவார்கள். அவர்கள் செய்தது பலித்ததா என்பதை மன்றத்திலேயே இருக்கும் பகடை உருண்டு சொல்லும். விழுந்தது விழுந்ததுதான். நானே அழுதாலும் மாற்ற முடியாது. ஒரு கதவைத் திறக்கவே எங்களுக்கு ஒரு வாரம் ஆகும்.

செய்தியை அழித்துவிட்டேன். ஆனால் கீழே மன்றத்தின் முகவரியும் ஒட்டிக்கொண்டு போயிருந்ததை அழிக்கும்போதுதான் பார்த்தேன். "என்னங்க அது?" என்றாள் வாசுகி. "ஆபீஸ் பயிற்சி" என்றேன். "ம்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த "ம்"முக்கு மட்டும் எனக்கு இன்னும் அர்த்தம் பிடிபடவில்லை.

ஜூன் 4, புதன்

கப்பலின் பெயர் தாழம்பூ. கேப்டன் ஆரிப், நிஜத்தில் தோஹா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கப்பல் டாக்டர் நிர்மலா. நிஜத்தில் பொள்ளாச்சியில் கெமிஸ்ட்ரி டீச்சர். இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். மற்றவர்கள் கல்யாணம், குழந்தை, புரமோஷன் என்று விண்வெளியில் உதிர்ந்துவிட்டார்கள். கேப்டனின் இருக்கை பின்னால் சாயும், பக்கத்தில் வாய் கொப்பளிக்கத் தொட்டியும் உண்டு. எனக்குத் தெரிந்த நாற்காலியைத்தானே நான் எழுத முடியும்.

மற்ற எல்லாமும் நான்தான்: எரிகல், எதிரி, கதவு. கப்பலின் பழைய கணினியும் நானே. அதற்குப் பெரியவர் என்று பெயர். பெரியவர் கேப்டனிடம் நேராகப் பேசுவதில்லை. "டாக்டர், உங்கள் கேப்டனிடம் சொல்லுங்கள், விளக்கை அணைக்காமல் போயிருக்கிறார்" என்பார். ஆரிப்புக்கும் நிர்மலாவுக்கும் பெரியவர் என்றால் உயிர். எப்படிச் சார் இப்படிக் கற்பனை பண்ணுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நான் அடக்கமாக இருந்துவிடுகிறேன்.

இதில் கற்பனை எங்கே இருக்கிறது? அசல் பெரியவர் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். மாமனார் தணிகாசலம், ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர். அரக்கோணத்தில் தனியாக இருந்தவர், குளியலறையில் வழுக்கிக் கால் எலும்பில் விரிசல் விட்டு இங்கே வந்தார். மாவுக்கட்டு பிரித்தாயிற்று, இப்போது நன்றாக நடக்கிறார். இன்று காலைகூட: "வாசுகி, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, பாத்ரூம் லைட்டு எரியுதுன்னு." நான் இந்தப் பக்கம் நிற்கிறேன், அவர் அந்தப் பக்கம் நிற்கிறார், நடுவில் ஒரு சோபா. "உங்கப்பாகிட்ட சொல்லு, அணைச்சாச்சுன்னு" என்றேன். வாசுகி வீட்டில் இல்லாதபோது நாங்கள் ஃபிரிட்ஜ் வழியாகப் பேசிக்கொள்வோம். "பால் தீந்துபோச்சு போலிருக்கே" என்று அதனிடம் ஒருவர் சொல்வார், மற்றவர் போய் வாங்கிவருவார்.

காரணம் பெரிது. தலைத் தீபாவளி முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிய அன்று, வாசுகிக்கு வடை வாங்கப் பிளாட்பாரத்தில் இறங்கினேன். பையில் சுடச்சுட நாலு வடையோடு நான் ஓடிவர, என் சொந்த மாமனார், என்னைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பச்சைக்கொடி காட்டினார். வண்டி போய்விட்டது. புதுப் பெண்டாட்டியும் அதிலேயே போய்விட்டாள். தலையில் எண்ணெயும் கையில் வடையுமாக நான் நின்றேன். போர்ட்டர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து நேர்ப் பேச்சு இல்லை.

ஜூன் 7, சனி

விளையாட்டில் புது ஆள். மன்றத்தில் பெயர் "பச்சைக்கொடி". பாதை அதிகாரி வேலை கேட்டிருந்தார், கொடுத்தேன். முதல் பதிவிலேயே, "முன்னால் பாதை காலியா என்று கேட்காமல் கப்பலை எடுத்தது யார்? இதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு கிடையாதா?" என்று கேப்டனைப் பிடித்துக்கொண்டார். ஆரிப் ஆடிப்போய்விட்டார். எனக்குத் தனியாக எழுதுகிறார்: "அண்ணே, யாருண்ணே இது? எங்க சூப்பர்வைசர் மாதிரியே இருக்காரு."

ஜூன் 9, திங்கள்

பெரம்பலூரில் ஒரு டாக்டர் நாற்காலியைத் திருப்பி அனுப்புகிறேன் என்கிறார். சாய்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறதாம். நாற்காலியைச் சொன்னாரா நோயாளியைச் சொன்னாரா தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொள்ளாவிட்டால் வேறு யார் மெச்சுவார்கள்?

பச்சைக்கொடி என் மாமனார்தான்.

சாட்சிகள்: ஒன்று, அந்தப் பெயர். இரண்டு, எதற்கெடுத்தாலும் "பாதை காலியா", "சிக்னல் கொடுத்தது யார்" என்கிற பேச்சு. மூன்றாவதுதான் அசைக்க முடியாதது. மாமனார் நியூஸ் பார்க்கட்டும் என்று வாசுகி தன் டேப்லெட்டை அவரிடம் கொடுத்திருக்கிறாள். அவளுடைய வாட்ஸ்அப் அதிலும் திறக்கும். அன்றைக்கு நான் போட்ட செய்தியை, நான் அழிப்பதற்குள், முகவரியோடு, மனிதர் பார்த்திருக்கிறார். பச்சைக்கொடி பதிவு போடுவதெல்லாம் மத்தியானம், வீட்டில் சாப்பாட்டுக் கடை முடிந்த பிறகு. அந்நேரம் டேப்லெட் மாமனார் மடியில்தான் இருக்கும். இன்று ஒரு டாக்டரைப் பார்க்கவேண்டியதை ரத்து செய்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தேன். இருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் அதைக் கவிழ்த்துவைத்துவிட்டு உத்தரத்தைப் பார்த்தார். வாசுகி அடுக்களையில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். "என்னங்க, இந்நேரத்துல?" என்று தூக்கிவாரிப்போட்டாற்போல் கேட்டாள். தலைவலி என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

பிறகுதான் உறைத்தது. அப்படியானால் மனிதர் பெரியவரையும் படித்திருப்பார். போன மாசம் பெரியவர் பல்செட்டைத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டுக் கேப்டன் திருடினார் என்று டாக்டரிடம் புகார் கொடுத்த பதிவு உட்பட. கணினிக்கு ஏன் பல்செட் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மாமனார் கேட்பார்.

ஜூன் 13, வெள்ளி

பதிவு போட்டால் அழிக்கக் கூடாது என்பது எங்கள் விளையாட்டின் விதி. அதை வைத்தவனும் நான்தான். அதனால் இன்றைய பதிவில் பெரியவரைத் திருத்தினேன். "கேப்டன் மிகவும் பொறுப்பானவர்" என்று டாக்டரிடம் சொல்லவைத்தேன். பெரியவரின் ஞாபகசக்தியைப் பற்றி ஒரு பாரா.

நிர்மலா: "பெரியவருக்கு உடம்பு சரியில்லையா? வைரஸ் ஏதாவது?"

பச்சைக்கொடி: "விளையாட்டின் நடத்துநர் பயந்துவிட்டார் போலிருக்கிறது."

மாமனார் இன்று ராச்சாப்பாட்டில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது. வாசுகி ஏப்பமாக இருக்கும் என்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

மைத்துனன் கோயம்புத்தூரிலிருந்து பேசினான். ஊருக்கு வெளியே முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில் அப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். தோட்டம் இருக்கிறதாம், யோகா இருக்கிறதாம். அடுத்த ஞாயிறு காலை வண்டிக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

"அப்பா என்ன சொல்றாரு?" என்றேன் வாசுகியிடம்.

"அவர் என்ன சொல்வாரு. மாப்பிள்ளை வீட்டுல எத்தனை நாளைக்குன்னாரு."

"நான் ஒண்ணும் போகச் சொல்லலியே."

"இருக்கவும் சொல்லலியே."

அவள் கத்தியை எடுத்தாள். வெங்காயம் நறுக்கினாள். ரவா உப்புமாவுக்கு அவ்வளவு வெங்காயம் தேவையில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயம்தான் காரணமாக இருக்கும். நீயே அவரை இருக்கச் சொல்லேன் என்று சொல்லலாமென்றுதான் வாயைத் திறந்தேன். மகள் சொல்லி இருக்கிற ஆள் இல்லை அவர். இது என் தலையில்தான் வந்து விழும் என்று தெரிந்ததும், செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு செடி. அதுவும் பிளாஸ்டிக் என்று போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜூன் 17, செவ்வாய்

தாழம்பூவில் நெருக்கடி. முன்னால் ஒரு விண்நிலையம். கப்பலை அதில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். மின்சாரம் பற்றாது. பெரியவரை அணைத்துவிட்டால் பற்றும், சுலபமாகச் சேர்ந்துவிடலாம். அணைத்தால் பிறகு அவர் திரும்ப வரமாட்டார். இதைப் போன மாசமே திட்டமிட்டிருந்தேன், வீட்டு விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆரிப்: "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் பிழைக்கணுமே. அணைச்சிடலாம்."

நிர்மலா ஒருநாள் அவகாசம் கேட்டார்.

மத்தியானம் பச்சைக்கொடியின் பதிவு. அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "அணைப்பதானால் அணையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. கேப்டன் இத்தனை நாளில் ஒருதடவையாவது பெரியவரிடம் நேராகப் பேசியிருக்கிறாரா? எப்படிச் சேர்வது என்று அவரையே கேட்டால் என்ன? போகச் சொல்ல வாய் வராது, இருக்கச் சொல்லவும் வாய் வராது என்றால் நடுவில் இருக்கிறவர்கள் என்னதான் செய்வது?"

ஆபீசில் இதைப் படித்தபோது எதிரே ஒரு டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சோதித்துக்கொண்டிருந்தார். அவரை அப்படியே மல்லாக்க விட்டுவிட்டு வராண்டாவுக்கு வந்துவிட்டேன். எழுபத்தாறு வயது மனிதர். முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, இதை எனக்கு எழுதியிருக்கிறார்.

ஜூன் 18, புதன்

கேப்டன் பெரியவரிடம் நேராகவே கேட்டுவிட்டார். "ஐயா, ஒரே பாதை, எதிரே நிலையம், கையில் பவர் இல்லை. என்ன பண்ணலாம்?" ஆரிப் நல்ல மனிதர்.

இப்போது பெரியவர் பதில் சொல்லவேண்டும். பெரியவர் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. விளக்கு, ஃபேன், பால், பல்செட் தவிர அந்த மனிதர் எதைப் பற்றி என்ன சொல்வார் என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

சாயந்தரம் வாசுகி மாவு அரைக்கக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். நான் முன்னறையில் போய் நின்றேன். ஃபிரிட்ஜைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"மாமா, ஒரே லைன்ல எதிரும் புதிருமா வண்டி வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் முதலில் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது மாமா நிற்கிறாரா என்று. சுவர்தான் இருந்தது.

"நிறுத்தணும்" என்றார் சுவரிடம்.

"நிறுத்திட்டு?"

"நிறுத்திட்டுத்தான் யோசிக்கணும். யோசிச்சுட்டு நிறுத்தலாம்னு நெனச்சவனெல்லாம் போய்ச் சேந்துட்டான்."

பிறகு, திருத்தணியில் ஒரு கூட்ஸ் வண்டி கார்டு சிக்னலைப் பார்க்காமல் டீ குடித்த கதையைச் சொன்னார். அந்தக் கார்டின் மச்சான் யார், அவன் ஏன் வேலூருக்கு மாற்றல் வாங்கினான், அங்கே யாரோடு ஓடிப்போனான் என்று வாசுகி வருகிறவரைக்கும் சொன்னார். மனிதர் என்னைவிடப் பெரிய வம்புக்காரர். இத்தனை வருட வம்பை வீணடித்திருக்கிறேன். முழுக்கச் சுவரைப் பார்த்தேதான் சொன்னார். அதனால் இதை நேர்ப் பேச்சாகக் கணக்கில் எடுக்கமுடியாது.

மன்றத்தைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் காட்டிக்கொள்ளவில்லை. ஆண்களுக்குள் இருக்கும் இந்த நாகரிகம் பெண்களுக்குப் புரியாது.

ஜூன் 20, வெள்ளி

மாமனார் சொன்னதையே பெரியவர் கேப்டனிடம் நேராகச் சொன்னார்: முதலில் நிறுத்துங்கள், பிறகு யோசியுங்கள். யோசித்து, பெரியவரை அணைக்காமலேயே சேர்வது என்று கப்பலில் முடிவாகிவிட்டது. பகடையில் ஐந்தோ ஆறோ விழவேண்டும். ஆரிப் பிஸ்மில்லா சொல்லி உருட்டினார்.

இரண்டு.

தாழம்பூ நிலையத்தை உரசிக்கொண்டு தாண்டிப் போய்விட்டது. மாற்ற முடிந்திருந்தால் மாற்றியிருப்பேன். நிர்மலா அழுகிற முகம் ஒன்று போட்டார். உடனே பச்சைக்கொடி: "பரவாயில்லை. கப்பல் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. அடுத்த நிலையத்தில் பார்த்துக்கொள்வோம்."

வீட்டில் பெட்டி கட்டுகிறார்கள். மாமனாரின் வேட்டிகளை வாசுகி ஒவ்வொன்றாக மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள்.

ஜூன் 21, சனி

இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சவரம் செய்துகொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

வாசுகி ஸ்டேஷனுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். தலைவலியாம். அப்பாவின் மடியிலிருந்து டேப்லெட்டை வாங்கிச் சார்ஜில் போட்டாள். "நீங்களே ஏத்திவிட்டுட்டு வாங்க" என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தாள்.

ஜன்னலோர சீட். பெட்டியை மேலே வைத்தேன். அவர் அது சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். நானும் பார்த்தேன். பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

"வடை வாங்கிட்டு வரேன்" என்றேன் பெட்டியிடம்.

வடைக் கடையில் கூட்டமே இல்லை. இருந்தாலும் நான் நின்றேன். சட்னி கேட்டேன், வேண்டாம் என்றேன், மறுபடி கேட்டேன். பொட்டலத்தோடு திரும்பினால் வண்டி நகருகிறது. அதே நான், அதே வடை, அதே ஓட்டம். கூடுதலாக ஒரு தொப்பை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"மாமா, போக வேணாம். எங்க வீட்டுலயே இருந்துடுங்க. இறங்குங்க மாமா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சுவரை இல்லை, பெட்டியை இல்லை, என்னை.

"ஓடுற வண்டியிலேர்ந்து இறங்கக் கூடாது, மாப்பிள்ளை."

"மாமா..."

"குளித்தலையில நிக்கும். அங்க இறங்குறேன். கம்பிய விட்டுட்டு மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்ட போங்க முதல்ல."

அடுத்த நிலையம். எனக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? காவிரிக் கரையோரமாகக் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது வாய்விட்டுச் சிரித்தேன். நடுவில் ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. ஹாரன் அடிக்காமல் பொறுமையாக நின்றேன். இனி எங்கள் குடும்ப மரியாதை அது.

குளித்தலைப் பிளாட்பாரத்தில், பெஞ்சில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் அங்கே இருந்த ஸ்டேஷன் மாஸ்டரோடு எதற்கோ சண்டை போட்டு முடித்து, அவர் வாங்கிக்கொடுத்த டீயையும் குடித்திருந்தார். வாசுகிக்குப் போனில் சொல்லிவிட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். வடை ஆறிப்போயிருந்தது.

"அன்னைக்கு ஏன் கொடி காட்டுனேன்னு நீங்க கேக்கவே இல்லையே, மாப்பிள்ளை."

"ஏன் மாமா?"

"பின்னால மெயில் வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இன்னைக்குன்னாலும் காட்டுவேன்."

இருபது வருடத்துக்குமேல் இதற்காகவா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனி நாடகம் வேண்டாம் என்று, கண்ணைச் சிமிட்டி, "பச்சைக்கொடிக்கு ரொம்ப நன்றி மாமா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணுல தூசியா? அதுக்குப் போய் யாராவது நன்றி சொல்லுவாங்களா?" என்றார். என்ன நடிப்பு. நான் ரசித்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் என் போன் அதிர்ந்தது. மன்றத்தில் புதுப் பதிவு.

பச்சைக்கொடி: "பெரியவர் அடுத்த நிலையத்தில் பத்திரமாக இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. நடத்துநருக்கு நன்றி. வெயில் ஏறுவதற்குள் அவரைக் கப்பலுக்கு அழைத்து வரவும். வரும் வழியில் கறிவேப்பிலை."

இப்போதுதான் வந்திருந்தது. நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவருடைய இரண்டு கையிலும் வடை இருந்தது.